கேனில் எழுதியிருந்தது

அன்புள்ள தம்பி,

நல்ல கேனை எதற்காகக் குத்திக் கிழித்தீர்கள் என்று நீ கேட்டாய். உன் வீட்டு முற்றத்தில் நான் இரும்பு அலவாங்கோடு நின்றுகொண்டிருந்தேன். கேனில் இருந்த தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. போஞ்சிப் பாத்தியிலிருந்து பூச்சிமருந்துத் தாங்கியை முதுகில் சுமந்தபடியே நீ ஓடி வந்தாய். "கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போன பிள்ளைங்கள அழ வச்சுத் திருப்பிக் கொண்டாந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா தண்ணிக் கேனை உடைக்கிறீங்க. உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுப்பா. இனிமே பிள்ளைங்கள உங்ககூட அனுப்ப மாட்டேன்" என்றாய். அலவாங்கைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மருமகள் பின்னாலேயே வந்து, "மாமா, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவளுக்கும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று அவளிடம் சொல்.

வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இன்றோடு பன்னிரண்டு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், சில நாட்களில் இரண்டு வரி. பென்சிலால் எழுதி அழித்து, பிறகு பேனாவால் எழுதுகிறேன். உன் அம்மா போன பிறகுதான் நான் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில் எழுத்து எதற்கு என்று இங்கே மஹய்யாவையில் எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் தம்பி, கண்டி பஸ் நிலையத்தில் ஒரு நாள் 'வத்தேகம' என்று உன் ஊர்ப் பெயரை நானாகவே படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன் பார், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த ஆளிடம் "இது வத்தேகம பஸ்" என்றேன். அவர் "தெரியும்" என்றார். நானும் "எனக்கும் தெரியும்" என்றேன். முப்பது வருடம் நான் கூட்டிப் பெருக்கிய தெருக்களில் இவ்வளவு எழுதியிருக்கிறது என்பதே எனக்குப் புதிது. இப்போதும் சலூன் பலகை, மருந்துக்கடைப் பலகை, மரண அறிவித்தல் எல்லாவற்றின் முன்னாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் பிள்ளைகளைப் பேராதனைப் பக்கத்துப் பெரிய விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். போகும்போதே தர்ஷினி ஒரு சட்டம் போட்டுவிட்டாள். "ஒவ்வொரு இடத்துலயும் பலகையைத் தாத்தாதான் வாசிக்கணும். வாசிச்சாத்தான் அடுத்த இடத்துக்குப் போவோம்" என்றாள். கிஷோர் உடனே, "அப்ப நாம ஒரே இடத்துலதான் நிப்போம்" என்றான். உன் மகனுக்கு உன் வாய். ஆனால் நான் விடவில்லை. மூன்று பாஷையில் எழுதியிருந்தார்கள். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். நடு வரியைத் தேடிப் பிடித்துக்கொண்டால் போதும். ஒட்டு மாங்கன்று. காளான் வளர்ப்பு. தட்டுத் தட்டாக நெல் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள் தேனீக்கள், அதற்கும் ஓர் அட்டை. ஈக்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, நான் அந்த அட்டையை முழுதாக வாசித்து முடித்தபோது பின்னால் ஒரு பாடசாலைக் கூட்டமே காத்துக்கொண்டு நின்றது. 'பீடை முகாமைத்துவம்' என்ற இடத்தில் மட்டும் நான் மூன்று தடவை விழுந்து எழும்பினேன். "தாத்தா, அதை விட்டுருங்க, எங்க மிஸ்ஸுக்கே அது வராது" என்று கிஷோர் இரக்கப்பட்டான்.

எனக்குள் அப்போது ஓடிக்கொண்டிருந்த எண்ணத்தையும் உனக்குச் சொல்ல வேண்டும். எழுத்து என்பது துரைக்கும் கிளார்க்கருக்கும் சொந்தமானது, நமக்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நான் வாழ்ந்திருக்கிறேன். அங்கே பலகை பலகையாக நடு வரியில் தமிழைப் பார்த்தபோது, இவ்வளவு பேர் எனக்காகவும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவோடுதான் அடுத்த கூடாரத்துக்குள் நுழைந்தேன்.

பயிர் மருந்துகளைக் கவனமாகக் கையாள்வது பற்றிய கூடாரம் அது. முகமூடி, கையுறை, தெளிக்கும் இயந்திரம் எல்லாம் இருந்தன. ஓரமாக ஒரு நீள மேசையில் அந்தக் காலத்து மருந்துக் கலன்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நாலாவதாக இருந்தது அந்தக் கேன். வெள்ளைக் கேன், பச்சை மூடி, நெற்றியில் மண்டையோடு. அதைப் பார்த்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். கால் தானாக நின்றுவிட்டது. "ஏன் தாத்தா இது சிரிக்குது?" என்று கிஷோர் கேட்டான். மண்டையோட்டின் பல்லைத்தான் சொன்னான். தர்ஷினி, "சட்டம் சட்டம்தான். வாசிங்க தாத்தா" என்றாள். மண்டையோட்டுக்குக் கீழே, சிங்களத்துக்கு அடுத்து, நடுவில் தமிழ் இருந்தது. நான் விரலை வைத்து வாசித்தேன். களைநாசினி. அருந்தினால் மரணம். மாற்று மருந்து இல்லை. வெற்றுக் கலனைக் கழுவினாலும்... அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். விரல் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

உனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். நீ அம்மா வயிற்றில் இருந்தபோது வயிற்றோட்டத்தில் செத்துப்போனாள் என்று உன் அத்தை சொல்லி நீ கேட்டிருக்கிறாய். பெயர் பவளம். ஐந்து வயது. நாங்கள் அப்போது வத்தேகமைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம், ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பராக்கள் உள்ள வரிசையில் ஏழாவது காம்பரா. நான் மருந்தடிக்கிற வேலை. தேயிலைக்கு அடியில் களை கருகுவதற்கு அந்த மருந்தைத் தெளிப்போம். மருந்து முடிந்த கேன் என்றால் லயத்தில் அவ்வளவு கிராக்கி. இரும்பு வாளி துருப்பிடிக்கும், மண்பானை உடையும், இது இரண்டும் ஆகாது, மூடியும் உண்டு. பீலியில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்க இதைவிட நல்ல சாமான் கிடையாது. மருந்தடிக்கிறவர்களுக்கு வருடத்தில் ஒரு கேன் கிடைக்கும். எனக்கு முறை வந்த அன்று தோளில் வைத்து லயம் முழுக்கப் பார்க்கும்படி கொண்டு வந்தேன்.

மண்டையோட்டை நாங்கள் பார்க்காமல் இல்லை. புது வீடு கட்டினால் கண்ணேறு படாமல் முன்னால் தொங்கவிடுவார்களே, பல்லைக் காட்டும் பூதமுகம், அது மாதிரி என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. கம்பெனிக்காரர்கள் மருந்துக்குக் கண்ணேறு படாமல் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான், எல்லோரும் சிரித்தோம். நம் வீட்டுக்கும் ஆகட்டும் என்று நான் அந்த முகம் வாசலைப் பார்க்கும்படி கேனை மூலையில் வைத்தேன். பவளம் அதற்குச் 'சிரிக்கிற மாமா' என்று பெயர் வைத்தாள். காலையில் எழும்பினால் முதலில் அதனிடம்தான் பேச்சு.

உன் அம்மா சாம்பல் போட்டும் புளி போட்டும் மூன்று தடவை கழுவினாள். அப்புறம் கேன் வாயில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இன்னும் நெடி அடிக்குது. ஒரு வாரம் வெயில்ல கெடக்கட்டும். அப்புறம் பார்ப்போம்" என்றாள். நான், "ஊரே இதுலதான் தண்ணி வைக்குது. உனக்கு மட்டும் மூக்கு நீளம்" என்றேன். பக்கத்துக் காம்பராப் பெண்கள் சிரித்தார்கள். அவள் பேசாமல் தண்ணீர் பிடித்து வைத்தாள். அந்தக் கேனின் கைப்பிடி உள்ளே குழாய் மாதிரி இருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அதற்குள் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. பிறகு வேலை செய்யும்போது ஒரு நாள் வெறுங்கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன்.

நாலைந்து நாள் கழித்துப் பவளத்துக்குச் சின்னக் காய்ச்சல். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். "நான் இன்னைக்கு நின்னுக்கிறேங்க" என்றாள் உன் அம்மா. "எங்க அக்கா பக்கத்துக் காம்பராவுலதான இருக்கு, பார்த்துக்கும். நீ கொழுந்து பறிக்கப் போ" என்றேன். நான்தான் சொன்னேன். உன் அத்தை இரண்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாம். எழும்பியபோது தாகம் எடுத்திருக்கும். பெரிய கேன், ஐந்து வயதுப் பிள்ளை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துச் சரித்திருக்கிறாள். நாங்கள் வந்தபோது கேன் பக்கவாட்டில் கிடந்தது, தரை முழுக்க ஈரம், அவள் உட்கார்ந்து ஈரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி கசக்குதுப்பா" என்றாள். காய்ச்சல் வாய் கசக்கத்தான் செய்யும் என்றேன்.

நாலாவது நாள் போய்விட்டாள். வயிற்றோட்டம் என்று எழுதினார்கள், நான் பெருவிரலை வைத்தேன். ஆனால் தம்பி, இரண்டாவது நாளே நான் அவள் நாக்கைப் பார்த்தேன். மருந்து பட்டுப் பட்டு என் விரல் நுனித் தோல் வெந்து வெள்ளையாக உரியும். அவள் நாக்கு அதே மாதிரி இருந்தது. என் விரலைப் பார்த்தேன், அவள் நாக்கைப் பார்த்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. கேனில் இருப்பதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால்தானே அது நிச்சயமாகும். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அடக்கம் செய்த மறுநாள் காலையில் கேனைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், சாக்கை உருவிவிட்டு ஆற்றில் விட்டேன். அது மூழ்கவில்லை. அந்த முகம் மேலே பார்க்க மிதந்து போனது. எங்கே போய் ஒதுங்கியது, யார் பார்த்துவிட்டு நல்ல கேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அதையும் நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன்.

பழி உன் அம்மா மேல் விழுந்தது. காய்ச்சல் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனவள் என்று உன் அத்தை லயம் முழுக்கச் சொன்னாள். போகச் சொன்னவன் நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டுக் கண்டி மஹய்யாவைக்கு வந்தோம், எனக்கு நகரசபையில் வேலை கிடைத்தது, நீ வளர்ந்தாய். உன் அம்மா ஒரு செம்பை ஏழு தடவை கழுவுவாள், நினைவிருக்கிறதா? குழாயடியில் மற்றப் பெண்கள் வரிசையில் நின்று திட்டுவார்கள், அவள் கை தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும், அப்போதும் முகர்ந்து பார்ப்பாள். உனக்குப் பதினைந்து வயது இருக்கும். பாடசாலைக்கு நேரமாகிறது என்று கத்தினாய். "செம்பைப் பார்த்த மாதிரி அன்னைக்குப் பிள்ளையப் பார்த்திருந்தா எனக்கு அக்கா இருந்திருப்பா" என்றாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குடைக்கம்பியைச் சரி செய்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. 'மூக்கு நீளம்' என்று நான் சொன்ன வார்த்தையை அவள் அன்று திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. செம்பைத் திரும்பக் கழுவப் போனாள்.

என் வீட்டில் ஏன் ஒரு போத்தல்கூட இல்லை என்று கிஷோர் ஒரு தடவை கேட்டான். மூடி திருகுகிற எதையும் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சத்தம் கேட்டால் அந்தக் காம்பராவுக்குள் நான் மறுபடி நிற்பேன். வெள்ளைச் சட்டையில் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாகப் போனால் கடைசியாக ஒருத்தி வருவாள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது, அவளுக்கு மட்டும் ஐந்து. கண்காட்சியிலும் வந்தாள். தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்தக் கூடாரத்தில் விரலை எடுக்காமல் நான் நிற்க, தர்ஷினி, "என்ன தாத்தா, மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே மிச்சத்தை அவளே கடகடவென்று வாசித்தாள். வெற்றுக் கலனைக் கழுவினாலும் நீரோ உணவோ வைக்கப் பயன்படுத்தாதீர். துளையிட்டுப் புதைத்துவிடுக. சிறுவர்க்கு எட்டாது வைக்குக. நாலு வரிதான். அங்கே நின்ற இளம் பெண் உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, "ஐயா தோட்டத்துல வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார். "மருந்தடிச்சேன் மிஸ்" என்றேன். "அப்ப இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். நான் தலையை ஆட்டினேன். அது முதலிலிருந்தே தமிழில் இருந்திருக்கிறது, தம்பி. நான் தோளில் சுமந்து வந்தபோது என் காதுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்காகவும் எழுதியிருந்தார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் அப்போதுதான் தர்ஷினி அடுத்ததைச் சொன்னாள். "நம்ம வீட்டுலயும் இந்த மாதிரி இருக்கே. நீலக் கேன். அப்பா தோட்டத்துக்குத் தண்ணி கொண்டு போறது" என்றாள். "மண்டையோடு இருக்கா?" என்று கேட்டேன். "இருந்துச்சு. அம்மா தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சிட்டாங்க. நல்லாக் கழுவியாச்சு தாத்தா" என்றாள். கிஷோர், "நான் மூடியிலயே குடிப்பேன்" என்றான், ஏதோ கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பார்க்கவில்லை. அவர்களுக்கு உழவு இயந்திரத்தில் ஏற வேண்டும், ஐஸ்கிரீம் வேண்டும், தர்ஷினிக்கு ஒரு ஒட்டு மாங்கன்று வேண்டும். எல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தேன். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கண்டி வரைக்கும் கிஷோர் அழுதான், வத்தேகம வரைக்கும் தர்ஷினி என்னோடு பேசவில்லை. "நீங்க வாசிக்கத் தெரியாம தோத்துட்டீங்க, அதான் கோவம்" என்று இறங்கும்போது சொன்னாள். இருக்கட்டும். உன் வீட்டுப் பீலியடியில் நீலக் கேன் நிரம்பி நின்றது, மேலே ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. என் மூக்கு எப்போதும் அப்படித்தான். உன் அம்மாவுக்கு மணந்திருக்கும். அலவாங்கை எடுத்தேன். துளையிட்டுப் புதைத்துவிடுக என்று எழுதியிருந்தது. துளையிட்டேன். புதைப்பதற்குள் நீ வந்துவிட்டாய்.

உனக்கு வாசிக்கத் தெரியும், என்னைவிட நூறு மடங்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீயும் கழுவியாச்சு என்றுதான் நினைத்திருக்கிறாய். அதனால் உன்னைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உன் அம்மா பிள்ளையைப் பார்க்காதவள் இல்லை. அந்த வீட்டில் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நீ அன்று சொன்ன வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்ல விரும்பினால் சொல், நான் தலையை நிமிர்த்திக் கேட்கிறேன். பிள்ளைகளை என்னோடு அனுப்புவதும் அனுப்பாததும் இதைப் படித்த பிறகு நீயும் மருமகளும் முடிவு செய்யுங்கள். படித்ததும் பக்கத்துப் பாத்திக்காரர்களிடமும் கொடு. வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் நீயே வாசித்துக் காட்டு. வெட்கப்பட வேண்டியவன் நான், எனக்கு இனி அது பரவாயில்லை.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேன்கள் இருக்கின்றன. ஒன்றில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாய், மற்றது சும்மா கிடக்கிறது. கைப்பிடிப் பக்கத்திலும் ஒரு துளை போடு. அலவாங்கு கதவுக்குப் பின்னால் நான் சாத்திய இடத்திலேயே இருக்கும்.

உன் அப்பா